நீ அனுப்பிய கையேடு பற்றி

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் மெயிலும் அதோடு அனுப்பிய கையேட்டின் முதல் அத்தியாயமும் பின்னிணைப்பும் வந்து சேர்ந்தன. பெண்ணின் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்த வாரம்தான் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், அதனால்தான் மதுரைக்குக் கிளம்ப முடியவில்லை. இப்போது தேவலை. வீட்டுக்குள் எதையும் பிடிக்காமல் நடக்கிறார், சாப்பாடும் இறங்குகிறது. தங்கச்சியிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

ரிட்டயரான பிறகு நீ சும்மா இருக்கமாட்டாய் என்று தெரியும். பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஸ்மார்ட்போன் சொல்லித்தரத் தமிழில் ஒரு கையேடு எழுத உட்கார்ந்திருப்பது, பார்வையில்லாத எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே தெரியும். வழக்கம்போல, கணினித் திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் என்விடிஏ மென்பொருள் வாசிக்க, காதால் முழுவதையும் படித்தேன். மனசில் பட்டதை அப்படியே எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

'மேலே வலது மூலையில் உள்ள பச்சைப் பொத்தான்' மாதிரி பொத்தானுக்கு வழிகாட்டும் ஒரு வரிகூட உன் கையேட்டில் இல்லை. பார்வை உள்ள ஒருவர் எழுதும்போது அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதனால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். உருவம், அளவு, திரையில் இருக்கும் இடம், திசை, ஒலி இவற்றை மட்டுமே நம்பி வழிகாட்டக்கூடாது என்று இணைய அணுகல் விதிகளில் 2008-லிருந்தே இருக்கிறது. அதுவும் ஆக அடிப்படையான 'ஏ' நிலையில். அந்தப் பட்டியலில் முதல் நான்கையும் நீ சரியாகப் பார்த்துக்கொண்டாய். கடைசியில் நிற்கும் ஒலி மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'டிங் என்று கேட்டதும் விரலை எடுங்கள்', 'குரல் நின்ற பிறகு இருமுறை தட்டுங்கள்'. எனக்கு இதில் சிரமமே இல்லை. காதும் கேட்காதவருக்கு?

என்னிடம் பயிற்சிக்கு வரும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வையற்றோர் பள்ளியில் படித்தவள், பிரெய்ல் சரளமாக வாசிப்பாள். கல்லூரியில் சேர்ந்த வருஷம் மூளைக்காய்ச்சல் வந்து காதும் போய்விட்டது. அதுவரை போன், பாடம், பாட்டு எல்லாமே அவளுக்குக் குரல் வழியாகத்தான். இப்போது ஒரு பிரெய்ல் டிஸ்ப்ளேயை ப்ளூடூத்தில் போனோடு இணைத்து வைத்திருக்கிறாள். ஒரு கையில் எடுத்துப் போகக்கூடிய பெட்டி அது. முன்பக்கம் ஒரே வரிசையில் 20 செல். ஒவ்வொரு செல்லிலும் சின்னப் புள்ளிகள் எழும்பி இறங்கும். போன் திரையில் இருப்பது துண்டு துண்டாக அங்கே வரும். விரலால் தடவி வாசித்துவிட்டு ஓரத்துப் பொத்தானை அமுக்கினால் அடுத்த துண்டு. தமிழ் பிரெய்லில் மெய்க்கு ஒரு செல், உயிர்க்குறிக்கு ஒரு செல் என்று போவதால் 20 செல்லில் இரண்டு மூன்று சொல்தான் அடங்கும். நாங்கள் பேசிக்கொள்வதும் அப்படித்தான். நான் கீபோர்டில் அடிப்பேன், அவள் விரலில் வாசித்துவிட்டு வாயால் பதில் சொல்வாள்.

உன் அத்தியாயத்தை அவளிடம் கொடுத்தேன். ஆண்ட்ராய்டு போனில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கின் அமைப்புக்குப் போகும் படியில் நின்றுவிட்டாள். நீ எழுதியிருந்தது இது: 'அமைப்புகளைத் திறந்து, அணுகல்தன்மை என்று கேட்கும்வரை வலப்பக்கம் ஸ்வைப் செய்துகொண்டே போய், கேட்டதும் இருமுறை தட்டி, டாக்பேக் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.' இந்த வரியை வாசித்து முடிக்கவே அவள் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்க வேண்டும். முடித்ததும் கையை டிஸ்ப்ளேயிலிருந்து எடுத்துப் போனில் வைத்து ஸ்வைப் செய்ய வேண்டும், எங்கே வந்திருக்கிறோம் என்று பார்க்க மறுபடி டிஸ்ப்ளேக்கு வர வேண்டும். அதற்குள் கையேடு அங்கே இருக்காது. அதே போனில்தானே கையேட்டையும் திறந்து வைத்திருந்தாள், இப்போது டிஸ்ப்ளேயில் இருப்பது அமைப்புகள் திரை. நீயும் நானும் காதால் கேட்டுக்கொண்டோ கண்ணால் பார்த்துக்கொண்டோ கையால் செய்கிறோம். அவளுக்குப் படிக்கிற கையும் செய்கிற கையும் ஒன்றுதான், மாப்ள. என்னைக் கேட்டால் இந்தக் கையேட்டின் ஒவ்வொரு வரியையும் இதை மனதில் வைத்துத்தான் எழுத வேண்டும்.

அதனால் ஒரு படியில் ஒரே ஒரு செயல். செய்து முடித்ததும் விரலுக்கு என்ன தட்டுப்பட வேண்டும் என்பதையும் அதே படியில் சொல்லிவிடு. 'அணுகல்தன்மை என்ற வரிக்குப் போங்கள். இருமுறை தட்டுங்கள். புதிய திரையில் டாக்பேக் என்ற வரி இருக்கும்.' இவ்வளவு போதும். தலையில் வைத்துக்கொண்டு கையை மாற்றிவிடலாம். சொன்னது வரவில்லை என்றால் எப்படித் திரும்பி வருவது என்பதையும் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலேயே எழுதிவிடு. வழி தவறினால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்பது அவளுக்கு அவ்வளவு சுலபமாக நடக்காது.

இன்னொன்று, நீ விரல் அசைவுகளை மட்டும்தான் எழுதியிருக்கிறாய். டிஸ்ப்ளே வைத்திருப்பவர் போனைத் தொடாமலேயே அதை இயக்கலாம். அதில் பிரெய்லின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விசை இருக்கும். ஸ்பேஸோடு 4ஆம் புள்ளியை அமுக்கினால் அடுத்த உருப்படி, 1ஆம் புள்ளி என்றால் முந்தையது, 1-2-5 சேர்த்தால் ஹோம். ஐபோனில் திரையை வாசிக்கும் வாய்ஸ்ஓவரிலும் ஆண்ட்ராய்டு டாக்பேக்கிலும் இது ஒன்றுதான். 2022-லிருந்து டாக்பேக்குக்குள்ளேயே டிஸ்ப்ளே வசதி வந்துவிட்டது, முன்பு மாதிரி பிரெய்ல்பேக் என்று தனி ஆப் வேண்டாம். ஆகவே ஒவ்வொரு படியிலும் ஸ்வைப்புக்குப் பக்கத்தில் அதற்கான பிரெய்ல் விசையையும் எழுது. கை மாறும் தொல்லை பாதி குறைந்துவிடும். முடிந்தால் கையேட்டை பிரெய்ல் கோப்பாகவும் தயார் செய். சில டிஸ்ப்ளேக்களில் மெமரி கார்டு போட்டுக் கோப்பைத் தனியாக வாசிக்கலாம். இல்லையென்றால் பிரெய்ல் தாளில் அச்செடுத்து மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

தொடக்கத்தில் போனின் போட்டோ போட்டு அம்புக்குறி காட்டியிருக்கிறாய் போலிருக்கிறது. என்விடிஏ 'படம் 1' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. அந்த இடத்தில் கைக்குச் சொல். சார்ஜர் துளை உங்கள் வயிற்றுப் பக்கம் இருக்கும்படி போனை வைத்துக்கொள்ளுங்கள், வலது விளிம்பைத் தடவினால் முதலில் நீளமான பொத்தான், அதற்குக் கீழே குட்டையான ஒன்று, இப்படி. உங்கள் மையத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் போன் மாடலைக் கண்ணை மூடிக்கொண்டு நீயே தடவிப் பார்த்து எழுதினால் சரியாக வரும். சார்ஜ் ஏறுவதற்கு அடையாளம் பச்சை விளக்கு என்று ஒரு இடத்தில் இருக்கிறது. போன் அதிர்ந்தால் அதை எழுது, அதிராத மாடல் என்றால் எத்தனை சதவீதம் என்று டிஸ்ப்ளேயில் எங்கே படிக்கலாம் என்பதை எழுது.

இவளைப் போலப் பிரெய்ல் கையோடு வந்தவர்கள் மட்டும் இல்லை. அஷர் சிண்ட்ரோம் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் பிறவியிலேயே காது கேட்காது அல்லது குறைவாகக் கேட்கும், பார்வை பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அவர்களில் பலருக்குச் சைகைமொழிதான் தாய்மொழி, எழுத்துத் தமிழ் பள்ளியில் கற்றுக்கொண்ட இரண்டாவது மொழி. பிரெய்லை இருபது, முப்பது வயதுக்கு மேல் தொடங்குவார்கள். 'தேர்ந்தெடுக்கப்பட்டிருக்குமேயானால்' மாதிரி ஒரு சொல்லை அவர்கள் விரல் கடந்து போவதற்குள் களைத்துவிடும். சின்ன வாக்கியமாக எழுது, ஒன்றைக் குறிக்க எப்போதும் ஒரே சொல்லைப் பயன்படுத்து. திரையில் இருக்கும் பெயரை எழுத்து மாறாமல் கொடு.

அப்புறம், எல்லா அத்தியாயத்தையும் வீடியோவாக எடுத்து யூடியூபில் போடலாம் என்று சொன்னாயே, அதில் எனக்கு முழு சம்மதம் இல்லை. வீடியோவுக்கு விளக்கக் குரல் கொடுத்தால் எனக்கு உதவும். அடியில் வசனம் ஓடவிட்டால் காது கேளாதவருக்கு உதவும். இரண்டும் சேர்ந்தாலும் நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே கிடைக்காது. அவள் வரை போய்ச் சேர்வது, பேசியதையும் திரையில் நடந்ததையும் சேர்த்து எழுதிய தனி எழுத்துப்பிரதி மட்டும்தான். நீ மனிதன்தானா என்று இணையதளங்கள் சோதிக்கும் கேப்சாவிலும் இதே கதைதான். படம் தெரியவில்லையா, ஒலியைக் கேளுங்கள் என்கிறார்கள், அதோடு அவள் வெளியே நின்றுவிடுகிறாள். ஆகவே முதலில் எழுத்தைச் சரியாக முடி. எழுத்து ஒழுங்காக இருந்தால் குரல், பிரெய்ல் தாள், டிஸ்ப்ளே, பெரிய எழுத்துப் பிரதி எல்லாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வீடியோ அதற்குப் பிறகு வரட்டும்.

எழுத்து ஒழுங்காக என்றதும் உன் பின்னிணைப்பு ஞாபகம் வருகிறது. தட்டச்சு செய்து கொடுத்தவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார். பார்ப்பவர் கண்ணுக்கு 'தமிழ்' என்றுதான் தெரியும். உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். என்விடிஏ அதைத்தான் எனக்கு வாசித்தது, டிஸ்ப்ளேயிலும் அதுதான் எழும்பும். தமிழில் எத்தனையோ நல்ல பாடக்குறிப்புகள் இப்படி அடைபட்டுக் கிடக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தமிழைத் தமிழ் எழுத்தாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, மாற்றிவிட்டு ஒருமுறை பிழை பார்த்துவிடு. தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல் வேர்டில் ஹெடிங் ஸ்டைல் கொடு. என்விடிஏயின் பிரவுஸ் மோடில் எச் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவ அது இருந்தால்தான் முடியும்.

உன் உற்சாகத்துக்காக ஒன்று சொல்கிறேன். என்விடிஏ உட்பட எத்தனையோ மென்பொருள்கள் எழுத்தைப் பிரெய்லாக மாற்றுவது லிப்லூயி என்ற இலவச நிரல் தொகுப்பின் மூலம்தான். தமிழுக்கும் அதில் அட்டவணை இருக்கிறது. அந்தப் பெயர் லூயி பிரெய்லை நினைத்து வைத்தது. 2002-ல் அந்த வேலையைத் தொடங்கி முக்கியப் பங்கு வகித்தவர் ஜான் பாயர் என்ற அமெரிக்க நிரலாளர். அவர் பார்வையும் இல்லாமல், காதும் கேட்காமல் வாழ்ந்தவர். இதை அவளிடம் அடித்துக் காட்டியபோது திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். அப்புறம் நிரல் எழுத எங்கே படிக்கலாம் என்று கேட்டாள். பிரெய்லில் படிக்கிற மாதிரித் தமிழில் தர என்னிடம் ஒரு பாடம்கூட இல்லை. உன் கையேடு முடிந்ததும் அதைப் பற்றி நாம் உட்கார்ந்து பேச வேண்டும்.

வேறொருவர் எழுதிய புத்தகத்திலிருந்து சில பக்கங்களை எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுமா என்று கேட்டிருந்தாய். மாற்றுத்திறனாளிகள் வாசிக்கும் வடிவத்துக்கு மாற்றி, லாப நோக்கமில்லாமல் அவர்களுக்குக் கொடுப்பதற்குக் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் இடம் கொடுத்திருக்கிறது. பொதுவில் எல்லோருக்கும் விநியோகிப்பது வேறு, அதற்கு அனுமதி வாங்கிக்கொள்.

இரண்டாம் அத்தியாயத்தைப் பிடிஎஃப் ஆக்காமல் வேர்ட் கோப்பாகவே அனுப்பு. அவள் படித்துப் பார்த்து எங்கெங்கே நிற்கிறாள் என்று குறித்துத்தரச் சம்மதித்திருக்கிறாள். அது உழைப்பு, மாப்ள, ஒரு பக்கத்துக்கு அவளுக்கு ஆகும் நேரம் நமக்கு ஆவது மாதிரி இல்லை. மையத்தில் பேசி, பிழை திருத்துபவருக்குக் கொடுக்கிற மாதிரி அவளுக்கும் ஒரு தொகை கொடுக்க ஏற்பாடு செய், கையேட்டில் அவள் பெயரையும் போடு. பொங்கலுக்கு அம்மாவின் உடம்பு இடம் கொடுத்தால் குடும்பத்தோடு மதுரை வருகிறோம். வருவதற்கு முன்னால் போன் பண்ணுகிறேன்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் கூட்டாளி