மூலிகையைப் பற்றியும் கேளுங்கள், டாக்டர்

பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து எழுதித் தரும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். படபடப்போடு உங்களிடம் பல வருடங்களாக வந்துபோகிற ஒருவர் எழுதுகிறேன். மூலிகை நல்லதா கெட்டதா என்று வாதாட வரவில்லை. எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

"வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கிறீர்கள். "இல்லை டாக்டர்" என்கிறோம். பொய் சொல்லவில்லை. ராத்திரி குடிக்கிற சீமைச் சாமந்தித் (கெமோமில்) தேநீரும், காலையில் வாயில் போட்டுக்கொள்கிற அமுக்கராப் பொடியும் எங்கள் மாத்திரைக் கணக்கில் வருவதில்லை. வருகிறது என்று தெரிந்தவர்களும் வாய் திறப்பதில்லை. சொன்னால் சிலர் சிரிக்கிறீர்கள், சிலர் திட்டுகிறீர்கள். "இயற்கைதானே, ஒன்றும் செய்யாது" என்று கடந்துபோகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், அந்தக் கடைசி பதில்தான் மூன்றிலும் ஆபத்தானது.

நாங்கள் ஏன் அந்தப் பக்கம் போகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதற்றக்காரரிடம் மாத்திரை டப்பாவைக் கொடுத்தால் முதலில் உள்ளே மடித்து வைத்த காகிதத்தைத்தான் விரிப்பார். பொடி எழுத்தில் இரண்டு பக்கம் பக்கவிளைவுகள். மூலிகை டப்பாவில் பெரும்பாலும் ஓர் இலைப் படம்தான் இருக்கும். எதைப் பார்த்தால் பயம் வரும், சொல்லுங்கள்? போதாததற்கு, நீங்கள் தருகிற மன அழுத்த மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், ஆரம்பத்தில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். இதை யாரும் முன்கூட்டியே சொல்லாதபோது, பத்து நாளில் மாத்திரையைத் தூக்கிப்போட்டுவிட்டு வேரைத் தேடிப் போகிறோம்.

அமுக்கராவையே எடுத்துக்கொள்ளுங்கள். அஸ்வகந்தா என்ற பெயரில் இன்று உலகம் முழுக்க விற்பனையாகிறது. அது பதற்றத்தைக் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அதே வேர் சிலருக்குத் தைராய்டு ஹார்மோனைக் கூட்டிவிடும். அது கூடினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். எங்களுக்கு அது பதற்றம் முற்றிவிட்டது போலத்தான் தெரியும். அதனால் ஒரு ஸ்பூனை இரண்டாக்குவோம். நீங்களும் கேட்காமல் விட்டால் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதுவீர்கள். தைராய்டைக் குறைக்க ஏற்கனவே மருந்து சாப்பிடுகிறவர் என்றால் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023இல் இதைத் தடையே செய்தது.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையின் கதை வேறு. அதற்குச் சான்று இருப்பது லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு. நரம்புத் தளர்ச்சிக்கு, பதற்றத்துக்கு என்றெல்லாம் சொல்லி விற்பது தனி வியாபாரம். மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அது கல்லீரலில் முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் எல்லாம் ரத்தத்தில் அளவு குறைந்து பலனிழக்கலாம். செர்ட்ராலின் போன்ற மன அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால், செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் ஆபத்தான அளவுக்கு மீறலாம்.

பதற்றத்துக்கு விற்கப்படும் இன்னொரு மூலிகையான காவா வேரை ஜெர்மனி 2002இல் கல்லீரல் பாதிப்புக்குப் பயந்து சந்தையிலிருந்து விலக்கியது. 2014இல் அந்நாட்டு நீதிமன்றம் அந்த முடிவு செல்லாது என்றது. விவரம் தெரிந்தவர்களுக்கே இத்தனை இழுபறி என்றால், விளம்பரத்தைப் பார்த்து வாங்குகிறவர் தனியாக என்ன முடிவெடுப்பார்?

உருப்படியானவையும் இல்லாமல் இல்லை. லாவண்டர் எண்ணெயை 80 மில்லிகிராம் காப்ஸ்யூலாகக் கொடுத்துப் பார்த்த பத்து வார ஆய்வுகளில், வெறும் காப்ஸ்யூல் சாப்பிட்டவர்களைவிடப் பதற்றம் நன்றாகவே குறைந்தது. (ஏப்பம் விட்டால் சோப்பு வாசனை அடிக்கும், அது வேறு விஷயம்.) சீமைச் சாமந்தியும் பலருக்கு இதமாக இருக்கிறது. சாமந்தி வகைப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். தூக்கத்துக்கு எடுத்துக்கொள்ளும் வலேரியன் வேர், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் தூக்கக் கலக்கம் கூடலாம்.

ஆகவே, "தேநீர், பொடி, எண்ணெய், காப்ஸ்யூல், ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எவ்வளவு, எத்தனை நாளாக என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருப்பவரிடமும் அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவரிடமும் கட்டாயம் கேளுங்கள். கெடுதல் இல்லாததை விட்டுவிடுங்கள். நிறுத்த வேண்டியதை ஏன் நிறுத்த வேண்டும் என்று காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்வோம். நாங்கள் மூலிகையை நம்பி உங்கள் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட்டு வந்து நின்றாலும் கோபப்படாமல், எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று காட்டுங்கள். டப்பாவைக் கையோடு கொண்டுவருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருவர்