அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

ஈஸ்டர் ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். "உயிர்த்தெழுந்தார் என்று முழு மனதோடு பாடினேன். வீட்டுக்கு வந்தால் அதே படுக்கை, அதே துணிமூட்டை, 'நீ யார்?' என்று கேட்கிற அதே அம்மா. கல்லறை திறந்ததற்கும் என் திங்கட்கிழமைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருந்தாய். இது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதே. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாய்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தை எடுத்துக்கொள். 15ஆம் அதிகாரத்தின் 58 வசனங்களும் உயிர்த்தெழுதலைப் பற்றியவை. கேபா என்கிற பேதுருவுக்குத் தரிசனமானார், பன்னிருவருக்குத் தரிசனமானார், ஐந்நூறு பேருக்கும் அதிகமான சகோதரருக்கு ஒரே வேளையில் தரிசனமானார் என்று சாட்சிகளை வரிசையாக நிறுத்துகிறார். மரித்தோரை எழுப்பும் கடைசி எக்காளம் வரை ஏறிப்போய், "மரணமே! உன் கூர் எங்கே?" என்று கேட்கிறார். அதை முடித்த கையோடு அவர் எடுக்கிற பேச்சு, எருசலேமிலுள்ள பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணம். வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வையுங்கள் என்கிறார்.

நம் வேதாகமத்தில் இடையே 16 என்ற எண் நிற்பதால் வேறு ஏதோ ஆரம்பிக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. வசன எண்கள் 1551இல் வந்தவை. கொரிந்து சபையில் இந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது, எக்காளத்தையும் தர்மப்பணத்தையும் அவர்கள் ஒரே மூச்சில்தான் கேட்டிருப்பார்கள். அந்த முதல் நாள் எது? ஆண்டவர் எழுந்த நாள். அவர் எழுந்த நாளில், முகம் தெரியாத ஏழைகளுக்காகப் பணம் எடுத்து வைக்கச் சொல்கிறார் பவுல்.

அதே சபையில்தான் சிலர், மரித்தோரின் உயிர்த்தெழுதல் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே சபையில்தான் கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்தபோது ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் குடித்து வெறித்திருந்தான். இவ்விரண்டும் தற்செயலாகச் சேர்ந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை. உடல் எப்படியும் மண்ணோடு போவதுதான் என்று முடிவுகட்டியவனுக்கு, பக்கத்தில் இருப்பவனின் வயிறு எதற்குக் கண்ணில் படப்போகிறது?

இப்போது அம்மாவின் உடலுக்கு வருகிறேன். "கனவீனமுள்ளதாய் விதைக்கப்படும், மகிமையுள்ளதாய் எழுந்திருக்கும், பலவீனமுள்ளதாய் விதைக்கப்படும், பலமுள்ளதாய் எழுந்திருக்கும்" என்ற வார்த்தைகளை நாம் அடக்க ஆராதனையில்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். நீ தினமும் துடைத்துவிடுகிற அந்த முதுகைப் பற்றி அவை பேசுகின்றன. படுக்கைப் புண் வராமல் நீ திருப்பிப் படுக்க வைக்கிற உடலையே தேவன் எழுப்பப்போகிறார். உயிர்த்தெழுந்த இயேசு உடலை உதறிவிட்டு வரவில்லை. தோமாவுக்குக் காட்ட ஆணித் தழும்புகள் இருந்தன. சீடர்கள் முன்னிலையில் மீன் சாப்பிட்டார். மரணத்தை வென்றவர் திபேரியாக் கடற்கரையில் தீ மூட்டி, இரவெல்லாம் வலைபோட்டுக் களைத்து வந்தவர்களை வந்து சாப்பிடச் சொன்னார். பசித்தவருக்கு உணவு ஆயத்தம் செய்வதை உயிர்த்தெழுந்த பின்னும் அவர் விட்டுவிடவில்லை, தங்கையே. நீ அம்மாவுக்கு ஊட்டும்போது அவர் செய்த வேலையைத்தான் செய்கிறாய்.

உன்னை அதிகம் வாட்டுவது வேலைப் பளு அல்ல என்று நினைக்கிறேன். இன்று செய்தது எதுவும் நாளை அம்மாவின் நினைவில் இருக்காது என்பதுதான். பாடுபட்டதற்குச் சாட்சி சொல்ல ஆளில்லாத உழைப்பு. 15ஆம் அதிகாரத்தின் கடைசி வரி அந்த இடத்தைத் தொடுகிறது: "கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது." அதாவது, வீணாகாது. இயேசு கல்லறையிலேயே இருந்திருந்தால் இப்படிச் சொல்லப் பவுலுக்கு வழியில்லை. அம்மா மறப்பதை தேவன் மறக்கிறதில்லை. உன் முகத்தை அம்மா மறுபடி அடையாளம் காணும் நாள் ஒன்று உண்டு என்று நான் நம்புகிறேன்.

அதுவரை அழுகை வந்தால் அழு. லாசருவை எழுப்பப்போவது தெரிந்திருந்தும் இயேசு அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். எப்போதும் சிரித்த முகம் வேண்டும் என்கிற உபதேசத்தை அவரிடம் நான் காணவில்லை.

இன்னொன்று. உன்னைக் கேட்காமலே சபையில் இரண்டு சகோதரிகளிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை இரவுகளில் முறைவைத்து அம்மாவோடு இருக்கச் சம்மதித்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடாதே. மருந்து வேளைகளை ஒரு தாளில் எழுதி வை, அம்மா எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவார்கள் என்பதையும் சேர்த்து எழுது. நீ உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு.

பிரியமுடன்,
உன் அண்ணன்