ஆற்றங்கரையில் சைக்கிளுக்கு ஒரு தடம்

ஐயா,

போன ஞாயிறு விடியலில் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையிலிருந்து கிளம்பி, காவிரிக் கரையோரமாகவே திருக்காட்டுப்பள்ளி வரை சைக்கிளில் போய் வந்தேன். ஒரு பக்கம் வாழைத்தோப்பு, இன்னொரு பக்கம் ஆறு, இடையிடையே ஆள் நடமாட்டமில்லாத சின்னப் படித்துறைகள். காவிரியிலிருந்து குடமுருட்டி ஆறு பிரியும் ஊர் திருக்காட்டுப்பள்ளி என்பதால் அங்கே ஒரு டீயுடன் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் இந்தக் கரையின் களையே வேறு.

சரி, குறையும் சொல்ல வேண்டும். பஸ் வந்தால் சைக்கிள்காரர் முள்ளுக்குள்தான் ஒதுங்க வேண்டும். புதிய சாலை கேட்கவில்லை. கரையில் ஏற்கெனவே உள்ள மண்பாதையில் கருவேலத்தை வெட்டி, நாலு இடத்தில் பெஞ்சு போட்டால் போதும். அப்புறம் குப்பைத்தொட்டி, மறக்காமல் அதைக் காலி செய்ய ஓர் ஆள்.

- வாசகர், திருவையாறு