நண்பருக்குக் கடிதம்: அந்த ஆர்டரைக் கொண்டு வா

குகை, சேலம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. மூட்டு வலி குறைந்திருப்பதில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம்.

"அரசு பெண்களுக்குத் தரும் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஜனங்கள் ஓட்டை விற்கிறார்கள்" என்று எழுதியிருந்தாய். நீயா இப்படி எழுதுவது? அதுதான் இரண்டு நாளாக மனதை அறுக்கிறது.

2003 ஜூலையை நினைத்துப் பார். கஜானா காலி என்று சொல்லி ஜெயலலிதா அரசு உங்கள் ஓய்வூதியப் பலன்களில் கை வைத்தது. அரசு ஊழியர்கள் நீங்கள் எல்லோரும் வேலைநிறுத்தம் செய்தீர்கள். சுமார் 1.70 லட்சம் பேரை ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தார்கள். அன்று ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாய். மடியில் டிபன் பாக்ஸ், காலையில் கட்டிக் கொடுத்தது, மூடியைக்கூடத் திறக்கவில்லை. மறுவாரம் மகள் கொலுசை அடகு வைக்க செவ்வாய்ப்பேட்டைக்கு நாம் இருவரும்தான் போனோம். கடைக்காரர் தராசில் வைத்ததும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அப்புறம் சுப்ரீம் கோர்ட் வரை போய், மன்னிப்பு எழுதிக் கொடுத்துத்தான் பலரும் வேலைக்குத் திரும்பினீர்கள்.

2004-ல் என்ன ஆனது? நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் எதிரணியான தி.மு.க. கூட்டணி அள்ளியது. சேலத்தில் தங்கபாலு ஜெயித்தார். முடிவு வந்த சில நாட்களிலேயே அதே ஜெயலலிதா அரசு இறங்கி வந்தது; ரேஷன் அரிசி கிடைக்காமல் செய்த எச் முத்திரை கார்டிலிருந்து போனது, விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் திரும்ப வந்தது, உங்கள் மீதான நடவடிக்கைகளும் ரத்தாயின. அந்தத் தேர்தலில் யாரும் காசு வாங்கிக்கொண்டு கோபப்படவில்லையே. 2006-ல் கலைஞர் மூன்றரை ரூபாய் அரிசியை இரண்டு ரூபாய்க்குக் கொடுத்தபோது கிடைத்த ஆதரவும் அந்த வயிற்றெரிச்சலில் இருந்து வந்ததுதான்.

பக்கத்து வீட்டு அக்கா கொலுசுப் பட்டறைக்குப் போகிறார். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியதிலிருந்து மாதாமாதம் ஆயிரம் வருகிறது. வந்த அன்றைக்கே சிலிண்டருக்கு எடுத்து வைத்துவிடுவார். "இதுக்கு யார்கிட்டயும் கணக்குச் சொல்ல வேண்டியதில்ல தம்பி" என்றார். அதை ஓட்டு வியாபாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் உன்னோடு சேர்ந்து கோபப்படுகிறேன். அந்த அக்கா மகன் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கு மூன்றாவது முறையாகப் படிக்கிறான். 2001-ல் ஆளெடுப்பை நிறுத்தி வைத்தார்களே, அப்போது வேலைக்குக் காத்திருந்தவர்களுக்கு வயது போனதுதான் மிச்சம். 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனும் இல்லாமல் போனது. கையில் கொடுக்கும் பணம் வேண்டும்தான், காலியிடத்தை நிரப்பும் பணமும் வேண்டும். எந்தக் கட்சி ஓட்டுக் கேட்டு வந்தாலும் அந்தப் பையனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி இதைக் கேட்கப் போகிறேன்.

மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா. குடும்பத்தோடு வா, இங்கே தங்கிவிட்டு மலைக்குப் போகலாம். அந்த டிஸ்மிஸ் ஆர்டரை இன்னும் வைத்திருக்கிறாயா? இருந்தால் எடுத்து வா. பையனுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் குகை நண்பன்