ஆன் லோ அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஆன் அம்மா,

அமெரிக்காவில் உடைகளை வடிவமைத்துத் தைத்த உங்களைப் பற்றி யார் எழுதினாலும் 1953-இல் நியூபோர்ட்டில் நடந்த கல்யாணத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். பின்னால் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடிக்கும் ஜாக்குலினுக்கும் கல்யாணம். நீங்கள் தைத்து முடித்திருந்த மணப்பெண் உடையும் தோழிகளின் உடைகளில் பெரும்பாலானவையும், இன்னும் பத்து நாளே இருக்கும்போது, பட்டறையில் குழாய் வெடித்து நாசமாயின. அந்த வீட்டாரிடம் இதைப் பற்றி மூச்சுவிடாமல், மறுபடி கடையில் பட்டு வாங்கி, இரவு பகலாகத் தைத்தீர்கள். 700 டாலர் லாபம் வரவேண்டிய இடத்தில் 2,200 டாலர் நட்டம். கொடுக்கப் போன இடத்தில், கறுப்பினப் பெண் என்பதால், வேலைக்காரர்கள் வாசல் வழியாக வரச் சொன்னார்கள். அப்படியென்றால் உடைகளைத் திருப்பி எடுத்துப் போகிறேன் என்று சொல்லி முன்வாசல் வழியாகவே உள்ளே போனீர்கள். அந்த உடையை அங்குலம் அங்குலமாக வர்ணித்த பத்திரிகைகளில் பெரும்பாலானவை தைத்தவர் பெயரைப் போடவில்லை.

எனக்கு இதைவிட ஆத்திரம் 1947 விஷயத்தில்தான். நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் ஆஸ்கர் வாங்க மேடையேறியபோது உடுத்தியிருந்தது உங்கள் கைவேலை, உள்ளே இருந்த லேபிளிலோ வேறு கடையின் பெயர்.

ஆனால் நான் பேச வந்தது பூக்களைப் பற்றி. அலபாமாவில், அம்மாவும், அடிமையாக இருந்து விடுதலையான பாட்டியும் பணக்காரப் பெண்களுக்குத் தைத்து மிச்சமான பட்டுத் துண்டுகளை எடுத்து, சின்ன வயதிலேயே பூப் பூவாகச் செய்தீர்களே, அந்தப் பழக்கம் கடைசிவரை விடவில்லை. பூவைப் பார்த்தாலே இது ஆன் லோ கை என்று சொல்லிவிடலாம். வேலை தெரிந்தவர்கள் உங்கள் கவுனைத் திருப்பிப் போட்டுத்தான் பார்ப்பார்கள், தையல் ஓரமெல்லாம் கையாலேயே முடித்து, பிசிறு தெரியாமல், மார்பையும் இடுப்பையும் தாங்கும் அமைப்பையும் உள்ளேயே வைத்துத் தைத்திருப்பீர்கள். யாரும் பார்க்காத பக்கத்துக்கு அவ்வளவு உழைப்பு! அதற்கான கூலியைக் கேட்கத்தான் உங்களுக்கு வாய் வரவில்லை. பேரம் பேசினார்கள், விட்டுக்கொடுத்தீர்கள், கடன் ஏறியது, வரிப் பாக்கிக்காகக் கடையே மூடப்பட்டது, கிளௌகோமா என்ற கண் அழுத்த நோயில் ஒரு கண்ணும் போனது. சரி, அதோடு நிறுத்தினீர்களா? இன்னும் தைத்தீர்கள்.

1981-இல் நீங்கள் போய்விட்டீர்கள். 2023-இல் டெலவேரில் உள்ள வின்டர்தர் அருங்காட்சியகம் உங்கள் உடைகளைத் திரட்டிக் கண்காட்சி வைத்தது. கென்னடி நூலகத்தில் இருக்கும் அந்த மண உடை நைந்துபோனதால் அதைக் கொண்டுவர முடியவில்லை, டெலவேர் பல்கலைக்கழகத்து ஆசிரியை ஒருவர் அசலைப் பார்த்து நகல் தைத்துக் கொடுத்தார். கண்காட்சிக்கு உங்கள் பெயரையே வைத்தார்கள் அம்மா. நீங்கள் இருக்கும்போதே வைத்திருக்க வேண்டும்.