போக்குவரத்துக் குழுவில் சேர்ந்திருக்கும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் நகராட்சியின் சார்பில் மண்டலப் போக்குவரத்துத் திட்டக் குழுவுக்கு உங்களை உறுப்பினராக அனுப்பியிருக்கிறார்கள் என்ற செய்தி மனத்துக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. நான் நலம். ஓய்வு பெற்ற பிறகும் நிதிநிலை அறிக்கைகளையும் திட்ட வரைவுகளையும் தேடிப் படிக்கும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. அதனால் நீங்கள் கேட்டிருந்த கேள்வியை இரண்டு மூன்று நாட்களாக மனத்தில் வைத்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் நல்லதென்று ஒப்புக்கொள்ளும் திட்டங்கள் தாளிலேயே நின்றுவிட, யாரும் அவசரமென்று கேட்காத சாலைப் பணிகளுக்கு மட்டும் எப்படிப் பணம் வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். திட்ட அறிக்கையைப் படித்தால் இதற்கு விடை கிடைக்காது என்பதே என் கருத்து. மேலிருந்து வரும் பணம் எந்த நிபந்தனையோடு, எந்த விகிதத்தில் வருகிறது என்பதைப் பார்த்தால் கிடைக்கும்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாநிலங்களை இணைக்கும் விரைவுச் சாலைகளுக்கான செலவில் 90 விழுக்காட்டைக் கூட்டரசு ஏற்றுக்கொண்டது. நகரங்களை ஊடறுத்துச் சென்ற பகுதிகளுக்கும் அதே விகிதம்தான். நகரப் பொதுப் போக்குவரத்துக்கோ 1964 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை முறையான கூட்டரசு உதவியே கிடையாது. அது வந்தபோதும் மூலதனச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் கிடைத்தது. பத்து ரூபாய் போட்டால் நூறு ரூபாய் வேலை நடக்கும் ஒரு வழியும், முழுச் செலவையும் தாமே சுமக்க வேண்டிய மற்றொரு வழியும் முன்னால் இருக்கும்போது, எவ்வளவு நேர்மையான நிர்வாகியும் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சாலைகளுக்காக இடிக்கப்பட்ட குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது. 1973 இல் விதி மாறியது; கைவிடப்பட்ட விரைவுச் சாலைக்கான பணத்தைப் பொதுப் போக்குவரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். போர்ட்லாந்து நகரம் அவ்வாறே ஒரு விரைவுச் சாலைத் திட்டத்தைக் கைவிட்டு, அந்த நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு இலகு ரயில் பாதை அமைத்தது. 1986 இல் அது ஓடத் தொடங்கியது. பண விதி மாறியவுடன் ஒரு நகரமே வேறு வழியில் திரும்பியதைக் கவனியுங்கள்.

இதனினும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கட்டுவதற்குப் பணம் கிடைத்துவிடும், ஓட்டுவதற்குத்தான் கிடைக்காது. இதே அமெரிக்காவில், இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரப் பகுதிகளுக்கு அளித்துவந்த இயக்கச் செலவு மானியத்தை 1998 ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்திவிட்டது. பேருந்து வாங்க உதவி உண்டு, ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்க உதவி இல்லை என்பதே அதன் பொருள். இந்தியாவின் நிலையும் வேறு வகையில் இதையே காட்டுகிறது. 74 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பொருள்கள் உள்ளன. சாலைகளும் பாலங்களும் அதில் இருக்கின்றன. வாகன நிறுத்தங்களும் பேருந்து நிறுத்தங்களும்கூட இருக்கின்றன. பேருந்தை இயக்குவது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. நிழற்குடை கட்டும் பொறுப்பு ஓரிடத்திலும், அதன் முன்னால் வண்டி வந்து நிற்குமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் வேறோர் இடத்திலும் இருந்தால் பயணிக்கு யார் பதில் சொல்வது?

இயக்கச் செலவு எப்படி ஏறுகிறது என்பதை ஒரு சிறு கணக்காகச் சொல்கிறேன். குழுவில் பேசும்போது உங்களுக்குப் பயன்படும். ஒரு தடத்தில் போய்த் திரும்ப 80 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி விட 4 பேருந்துகள் போதும். 10 நிமிடத்துக்கு ஒன்று வேண்டுமானால் 8 வேண்டும், ஓட்டுநர்களும் அதே விகிதத்தில் வேண்டும். இப்போது நெரிசல் கூடி, போய்வரும் நேரம் 100 நிமிடமாகிவிட்டால், 20 நிமிட இடைவெளியைக் காப்பாற்றவே ஐந்தாவது பேருந்து தேவைப்படும். பயணிக்கு எந்தக் கூடுதல் வசதியும் கிடைக்கவில்லை. செலவு மட்டும் நான்கில் ஒரு பங்கு ஏறிவிட்டது. ஐந்தாவது பேருந்துக்குப் பணமில்லாத நிர்வாகம் இடைவெளியை 25 நிமிடமாக நீட்டும். காத்திருக்க முடியாதவர்கள் இருசக்கர வாகனம் வாங்குவார்கள். நெரிசல் இன்னும் கூடும். இதையே மறுபுறமாகப் பார்த்தால், பேருந்துக்கென ஒரு தனித்தடத்தை ஒதுக்குவதும், சிக்னலில் பேருந்துக்கு முன்னுரிமை தருவதும் ஆண்டுதோறும் சம்பளத்திலும் டீசலிலும் மிச்சம் பிடிக்கும் செயல்கள் என்று தெரியும். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மக்கள் இதைப் புரிந்துகொண்டு வாக்களித்தார்கள் என்றே நினைக்கிறேன். 1973 இல் சுரங்க ரயில் திட்டத்தை நிராகரித்த அதே வாக்காளர்கள், 1977 இல், டிராம்களையும் பேருந்துகளையும் தடையின்றி விரைவாக ஓடச் செய்ய 200 மில்லியன் பிராங்கு செலவிடும் யோசனைக்கு ஒப்புதல் தந்தார்கள்.

உங்கள் குழுவில் முதலில் எழப்போகும் சண்டை, பயன் யாருக்கு, செலவு யாருக்கு என்பதாகத்தான் இருக்கும். இதில் லண்டனின் அனுபவத்தை நீங்கள் விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1981 அக்டோபரில், பெருநகரம் முழுவதற்குமான ஆட்சி அமைப்பாக இருந்த பெருலண்டன் மன்றம் பேருந்து, சுரங்க ரயில் கட்டணங்களைப் பெருமளவு குறைத்தது. அதனால் ஏற்படும் இழப்பை ஈடுகட்ட, நகரத்தின் உள்ளாட்சிகள் அனைத்தும் கூடுதல் சொத்து வரி வசூலித்துத் தர வேண்டியிருந்தது. புறநகரில் இருந்த ப்ராம்லி என்னும் உள்ளாட்சி, தன் எல்லைக்குள் ஒரு சுரங்க ரயில் நிலையம்கூட இல்லாதபோது தன் மக்கள் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாட்டின் மிக உயர்ந்த தீர்ப்பு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை, கட்டணக் குறைப்பு சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. வரி செலுத்துவோரின் பணத்துக்கு மன்றம் ஒரு பொறுப்பாளர் போன்றது என்பதும், போக்குவரத்தை வணிக நெறிப்படி நடத்தும் கடமை அதற்கு உண்டு என்பதும் தீர்ப்பின் சாரம். 1982 மார்ச்சில் கட்டணம் ஏறத்தாழ இருமடங்கானது. ப்ராம்லியிலிருந்து நாள்தோறும் வேறு ரயில்களில் நகரத்துக்கு வேலைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர்; சாலை நெரிசல் குறைந்தால் அவர்களுக்கும்தான் நன்மை. ஆனால் அந்த நன்மையை யாரும் அவர்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுகிறது. கணக்கு இல்லாத இடத்தில் எல்லைக்கோடுதான் பேசும்.

அமெரிக்காவின் அட்லாண்டா பகுதியில் இந்தச் சண்டை இன்னும் நீண்ட காலம் நீடித்தது. பொதுப் போக்குவரத்துக்காக விற்பனை வரி விதிக்கலாமா என்று 1971 இல் நான்கு வட்டங்களில் (நம் மாவட்டம் போன்ற பகுதிகள்) வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு ஏற்றன, கிளேட்டன், குவின்னெட் ஆகிய இரண்டும் மறுத்தன. கிளேட்டன் வட்டம் மனம் மாறி இணைந்தது 2014 இல்தான். இடைப்பட்ட 43 ஆண்டுகளில் வீடுகளும் அலுவலகங்களும் பரவிக்கொண்டே போயின; அந்த வாக்கெடுப்பில் பங்கேற்காத ஒரு தலைமுறை அதன் விளைவைச் சுமந்தது.

இப்படிப்பட்ட சண்டைக்கு நான் அறிந்தவரையில் மிக நேர்மையான தீர்வு மறுபடியும் சூரிச்சிலிருந்துதான் வருகிறது. அங்கே 1990 முதல் மண்டலம் முழுவதற்கும் ஒரே போக்குவரத்துக் கூட்டமைப்பு, ஒரே பயணச்சீட்டு. கட்டணத்தால் ஈடுகட்ட முடியாத பற்றாக்குறையில் பாதியை மாகாணமும், மறுபாதியை உள்ளாட்சிகள் அனைத்தும் சேர்ந்தும் ஏற்கின்றன. ஒவ்வோர் உள்ளாட்சியின் பங்கு எவ்வளவு என்பதற்குச் சூத்திரம் உண்டு: 80 விழுக்காடு, அதன் எல்லைக்குள் எத்தனை முறை வண்டிகள் நின்று புறப்படுகின்றன என்பதைப் பொறுத்தது, 20 விழுக்காடு, அதன் வரி செலுத்தும் வலிமையைப் பொறுத்தது. அதிக வண்டி கேட்கும் ஊர் அதிகம் கட்டுகிறது. செல்வமுள்ள ஊர் சற்றுக் கூடுதலாகத் தோள் கொடுக்கிறது. யாரும் முழுத் திருப்தி அடைந்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆண்டுதோறும் புதிதாகப் பேரம் பேச வேண்டியதில்லை. உங்கள் குழு வேறு எதையும் சாதிக்காவிட்டாலும் இப்படி ஒரு சூத்திரத்தை எழுதி ஒப்புக்கொண்டால் அதுவே பெரிய பணி என்பேன்.

வருவாய்க்கு என்ன வழி என்றும் கேட்டிருந்தீர்கள். பிரான்சில் 1971 இல் பாரிஸ் மண்டலத்தில் தொடங்கி, பின்னர் பிற நகரங்களுக்கும் விரிவான முறை எனக்குப் பிடித்தது. குறைந்தது ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள், தாங்கள் தரும் சம்பளத் தொகையில் ஒரு சிறு விழுக்காட்டைப் போக்குவரத்துக்கெனச் செலுத்துகின்றன. இப்போது அந்த எண்ணிக்கை 11. காலையில் ஊழியர்கள் நேரத்துக்கு வந்து சேர்வதால் பயனடைவது நிறுவனமும்தான் என்ற எண்ணம் இதற்கு அடிப்படை. லாஸ் ஏஞ்சலஸ் வட்டத்தில் விற்பனை வரியை நம்பினார்கள். அங்கே அப்போது இத்தகைய சிறப்பு வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. 2008 இல் வென்றார்கள். அந்த வரியின் காலத்தை நீட்டிக்க 2012 இல் கேட்டபோது 66.1 விழுக்காடு ஆதரவு கிடைத்தும் தோற்றார்கள். 2016 இல் மீண்டும் கேட்டு 71 விழுக்காட்டுடன் வென்றார்கள். விற்பனை வரி ஏழைகள் மீது கூடுதலாக விழும் என்பதை மறக்க வேண்டாம். நெரிசல் மிகுந்த பகுதிக்குள் வரும் வாகனங்களிடம் நெரிசல் கட்டணம் வசூலிப்பது அதைவிட நியாயமானது.

அதைச் செய்ய விரும்பினால் ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோம் நடந்துகொண்ட முறையைப் பின்பற்றுங்கள். முதலில் 2005 ஆகஸ்ட்டில் கூடுதல் பேருந்துகளை விட்டார்கள். 2006 ஜனவரி முதல் ஜூலை வரை கட்டணத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததை மக்கள் கண்ணால் கண்டார்கள். செப்டம்பரில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். தொடக்கத்தில் எதிர்ப்பே மிகுந்திருந்த நகரத்தில் பெரும்பான்மை ஆதரவு கிடைத்தது. ஆனால் சுற்றியிருந்த உள்ளாட்சிகள் சில தாமாக நடத்திய வாக்கெடுப்புகளில் எதிர்ப்பே ஓங்கியது. பின்னர் வந்த தேசிய அரசு கட்டணத்தை நிரந்தரமாக்கியபோது, அதன் வருவாயைப் புதிய சாலைகளுக்கென்று ஒதுக்கியது. வசூலிக்கும் பணம் எங்கே போகும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குழுவின் நடைமுறை பற்றி இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். ஊருக்கு ஒரு வாக்கா, மக்கள்தொகைக்கேற்ற வாக்கா என்பதை முதல் கூட்டத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறிய ஊர்கள் பல சேர்ந்து பெரிய நகரத்தின் பேருந்துத் தேவையைத் தோற்கடிப்பதும், பெரிய நகரம் தனியாகவே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுவதும் இரண்டுமே நடக்கக்கூடியவை. அடுத்தது, அமெரிக்க மண்டலத் திட்டக் குழுக்களுக்கு 1991 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கட்டுப்பாடு: நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வருவாய்க்கு மேல் ஒரு பணியையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. இந்த விதி இல்லாத இடத்தில் எல்லா ஊரின் ஆசையும் பட்டியலில் ஏறிவிடும். பிறகு அதில் எது நடக்கும் என்பதைக் குழுவுக்கு வெளியே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். இருக்கும் சாலை, பாலம், வண்டி ஆகியவற்றின் பராமரிப்புத் தொகையை முதலில் கழித்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டுதான் புதிய பணியைப் பேச வேண்டும் என்று வற்புறுத்துங்கள். திறப்பு விழா இல்லாத செலவுக்காகப் பேச ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்.

உங்கள் குழுவின் தற்போதைய திட்டப் பட்டியலின் பிரதி ஒன்றை அனுப்பிவையுங்கள். ஒவ்வொரு பணிக்கும் எதிரே மூலதனம் யாருடையது, திறந்த பிறகு ஆண்டுச் செலவு எவ்வளவு, அதைக் கட்டப்போவது யார் என்ற மூன்று விவரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் செயலரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். வீட்டில் அனைவரையும் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்