நடந்து போகிற தூரம்

வேலூர் புறவழிச் சாலையோரம் எழும்பி நிற்கும் எங்கள் வளாகத்தின் திட்டப் பிரிவினருக்கும், தோட்டம் வடிவமைத்தவர்களுக்கும், வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை கடைகளுக்கு முன்னால் நின்ற இரண்டு வேம்பையும் வெட்டினீர்கள். சாலையில் போகிறவர்களுக்குக் கடைப் பலகை தெரியவில்லையாம். இப்போது நன்றாகத் தெரிகிறது. மலை வரைக்கும் தெரிகிறது.

அவை நீங்கள் வைத்த மரங்கள் அல்ல. இந்த இடம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைந்த கொல்லையாக இருந்தபோதே நின்றவை. என் அம்மாவுக்கு வயது 72. வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் பதினோரு மணி பஸ்ஸில் போவார். முதல் வேம்படியில் மூச்சு வாங்குவார், இரண்டாவதில் தண்ணீர் குடிப்பார், அப்புறம் பஸ் நிறுத்தம். நேற்று ஜெனரேட்டர் அறைச் சுவரோரம், ஒரு முழ நிழலில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். கிரானைட் பெஞ்சு இருக்கிறதே என்று வாட்ச்மேன் கேட்டிருக்கிறார். "அதுல வத்தல் காய வெக்கலாம்பா, மனுசங்க உக்கார முடியாது" என்றாராம் அம்மா.

வீடு, கடை, பள்ளி, ஆபீஸ் எல்லாமே நடந்து போகிற தூரம் என்றுதானே விற்றீர்கள்? எந்த மாதத்தில் நடப்பது என்று கேட்காமல் விட்டது எங்கள் தப்பு.

நிழல் மரம் கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்தோம். கீழே கார் பார்க்கிங், மேலே மூன்றடி மண்தான், பெரிய மரம் தாங்காது என்றீர்கள். சரி. ஆனால் அந்தத் தளம் கிளப் ஹவுஸோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் கேட் வரைக்கும் பழைய கொல்லை மண்தான். அங்கே ராயல் பனையை வரிசையாக நட்டிருக்கிறீர்கள். ஒரு மரத்து நிழலில் ஒருவர் நிற்கலாம், ஒல்லியாக இருந்தால். பக்கத்தில் கொரியன் புல். லாரித் தண்ணீர் குடிக்கிறது, கால் வைத்தால் விசில் ஊதுகிறார்கள்.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். சாமியில்லா கோயில் என்ற பேச்சையாவது 1981-இல் ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள் திரும்ப வைத்து ஊர் தீர்த்துக்கொண்டது. உங்கள் பங்குக்கு மரமில்லாப் பசுமை நகரம்! சாலை போக மிச்ச நிலத்தில் பொதுவுக்கு விட்ட 10 சதவீதத் திறந்தவெளிக்கு ஏன் பூட்டு என்பதையும்... அது இன்னொரு மடல். கோபத்தில் வழி மாறிவிட்டேன், மன்னிக்கவும்.

கேட்பது நிழல் மட்டும்தான். கிளப் ஹவுஸிலிருந்து கேட் வரை நடைபாதையின் இரு பக்கமும் வேம்பும் புங்கனும் வையுங்கள். கோடை தொடங்கும்போதே துளிர்த்துவிடுகிற மரங்கள் அவை. சீக்கிரம் வளரும் என்று கோனோகார்பஸ் பக்கம் போகாதீர்கள். 2025-இல் தமிழக அரசே அதற்குத் தடை போட்டுவிட்டது. அடிமரத்தைச் சுற்றி சிமெண்ட் பூசாமல் விடுங்கள். ஆடியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துக்கொள்ளும். கன்றுக்கான பணத்தை சி பிளாக்கில் சேர்த்து வைத்திருக்கிறோம், தண்ணீரும் நாங்களே ஊற்றுகிறோம்.

அதுவரைக்கும் வேம்பு நின்ற இடத்தில் ஒரு கீற்றுப் பந்தலாவது போட்டுத் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமை அம்மா மறுபடி பஸ்ஸுக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
சி பிளாக்கில் குடியிருப்பவன்